ஒரே காருக்குள் இரண்டு கார்

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்துக்கு விதிமீறல் அறிவிப்பு ஒன்றை அனுப்பியது. 2009 முதல் 2015 வரையிலான மாடல்களில் அந்நாட்டில் விற்ற சுமார் 4,82,000 டீசல் கார்களைப் பற்றியது அது. புகைப் பரிசோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தி, சாலைக்கு வந்ததும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும் மென்பொருள் அவற்றில் இருந்தது என்பது குற்றச்சாட்டு. சாலையில் அந்தக் கார்கள் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கின. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த மென்பொருள் இருப்பதாகச் சில நாட்களிலேயே நிறுவனம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 23 அன்று தலைமை நிர்வாகி மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். அதன்பின் நீதிமன்றங்களிலும் நுகர்வோர் அமைப்புகளிலும் குவிந்த புகார்கள் இரண்டு வகையாகக் கிடக்கின்றன. சுத்தமான கார் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்பது ஒன்று. கார் அடிக்கடி பழுதாகிறது, சரிசெய்து தருகிறோம் என்று மென்பொருளை மாற்றிய பிறகு இன்னும் மோசமாகிவிட்டது என்பது மற்றொன்று. முதலாவதைச் சுற்றுச்சூழல் விவகாரம் என்றும் இரண்டாவதைப் பணிமனை விவகாரம் என்றும் பிரித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிப் பிரிப்பது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். டீசல் எஞ்சினின் இயல்பைப் புரிந்துகொண்டால், இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளம்பியவை என்பது விளங்கும்.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதன் கொள்ளளவு பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கும் அளவுக்கு அமுக்குகிறார்கள். அந்த அமுக்கத்தால் ஏறும் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகப் பற்றிக்கொள்ளும். எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமான காற்று உள்ளே எப்போதும் இருக்கும். டீசல் வண்டியின் மைலேஜுக்கும் இழுவைக்கும் இந்த உயர்ந்த அமுக்கமும் உபரிக் காற்றும்தான் முக்கியக் காரணங்கள். அதன் நோய்க்கும் அவையேதான் காரணம். காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரண வெப்பத்தில் அது எதனோடும் சேராது. அதன் இரண்டு அணுக்களும் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. சுடரின் வெப்பம் 1,500 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் பிணைப்பு அறுபட்டு, நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. வெப்பம் கொஞ்சம் கூடினாலும் உற்பத்தி பன்மடங்கு பெருகும். இந்த வினைகளின் அடிப்படையை 1940களில் விளக்கியவர் சோவியத் இயற்பியலாளர் யாக்கொவ் செல்டோவிச். வெளியே வந்ததும் இதன் பெரும்பகுதி நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. அது மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமாக்காரரைப் படுத்தும், வெயில் பட்டால் ஓசோன் உண்டாகத் துணைபோகும், காற்றிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்களாகும்.

பெட்ரோல் காரில் இந்த வாயுவைத் தீர்த்துக்கட்ட எளிய வழி இருக்கிறது. அதன் புகையில் ஆக்சிஜன் அனேகமாக மிச்சமிருக்காது என்பதால், பிளாட்டினம் வகை உலோகங்கள் பூசிய வினையூக்கிப் பெட்டி ஒன்றே போதும். நைட்ரஜன் ஆக்சைடு மறுபடி நைட்ரஜனாகிவிடும். டீசல் புகையில் ஆக்சிஜன் நிறைய மிச்சமிருப்பதால் அந்தப் பெட்டி இங்கே வேலை செய்யாது. ஆகவே பொறியாளர்கள் சுற்றுவழிகளைத் தேட வேண்டியிருந்தது. முதல் வழி, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடுவது. பணிமனைகளில் இதற்கு இ.ஜி.ஆர். என்று பெயர். எரிந்து முடிந்த புகை உள்ளே கலந்தால் சுடரின் சூடு தணியும், நைட்ரஜன் ஆக்சைடு குறையும். சூடு தணிந்தால் எரிதல் முழுமையாகாது, கரி கூடும். அந்தக் கரி இ.ஜி.ஆர். வால்விலும் குளிர்விப்பானிலும் காற்றுக் குழாய்களிலும் படியும், மிச்சம் புகைக் குழாயில் உள்ள கரித்துகள் வடிகட்டியில் போய்ச் சேரும். வடிகட்டி நிரம்பியதும் அதைச் சுமார் 600 பாகைக்குச் சூடேற்றிக் கரியை எரித்தாக வேண்டும். அதற்குக் கூடுதல் டீசல் வேண்டும். எரிக்க எரிக்க வடிகட்டியின் ஆயுளும் தேயும். தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத, காலுக்கு இழுத்தால் தலைக்குப் போதாத போர்வை இது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் கரி கூடுகிறது, கரியைச் சமாளித்தால் மைலேஜும் உதிரிபாகங்களின் ஆயுளும் குறைகின்றன.

மற்ற இரண்டு வழிகளுக்கும் இதே கதைதான். சிறிய கார்களில் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து வைக்கும் பொறிப் பெட்டியைப் பொருத்தினார்கள். அது நிரம்பியதும் எஞ்சின் சில நொடிகளுக்கு எரிபொருளை மிகையாக ஊற்றி அதைக் காலி செய்ய வேண்டும். மைலேஜ் குறையும், கரி கூடும், பக்கத்திலுள்ள கரித்துகள் வடிகட்டிக்குச் சுமை ஏறும். ஃபோக்ஸ்வேகனின் பாசாட் போன்ற பெரிய கார்களில் யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை அம்மோனியாவால் முறிக்கிறார்கள். இது மூன்றிலும் சிறந்த வழி. ஆனால் யூரியாத் தொட்டி காருக்கு அடியில் இடத்தை அடைக்கும். தாராளமாகத் தெளித்தால் அடுத்த சர்வீஸுக்கு முன்பே தீர்ந்துபோகும். அமெரிக்காவில் 10,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வரும்போது மட்டும் தொட்டியை நிரப்பினால் போதும் என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்பது விற்பனைப் பிரிவின் ஆசை. அந்த ஆசைக்கேற்ப, தெளிக்கும் அளவு நிர்ணயமாயிற்று.

2007 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு மைலுக்கு 0.07 கிராம், அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 0.043 கிராம். பின்னால் வந்த ஐரோப்பாவின் யூரோ 5 வரம்பு 0.18 கிராம், அமெரிக்க வரம்பு அதில் கால் பங்கு. ஃபோக்ஸ்வேகனின் புதிய டீசல் எஞ்சினை வடிவமைத்தவர்கள், இந்த வரம்புக்கும் அடங்கி வாங்குபவருக்கும் பிடித்த ஒரு காரைத் தங்களால் செய்ய முடியாது என்பதை 2006லேயே உணர்ந்துவிட்டார்கள். 2017 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது நிறுவனம் ஏற்றுக்கொண்ட உண்மை அறிக்கையில் இது இருக்கிறது. விலையைக் கூட்டலாம், பெரிய யூரியாத் தொட்டி வைக்கலாம், கொஞ்சம் மைலேஜை விட்டுக்கொடுக்கலாம், அல்லது அந்தச் சந்தையில் டீசல் விற்காமல் இருக்கலாம். இத்தனை நேர்மையான வழிகள் இருந்தும், காருக்குள்ளேயே இரண்டு கார்களை வைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அது எப்படிச் சாத்தியமாயிற்று என்றால், பரிசோதனையின் விதிகள் ஊரறிந்தவை. ஆய்வகத்தில் காரை உருளைகள் மேல் நிறுத்தி, எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்கூட்டி அச்சிட்ட அட்டவணைப்படி ஓட்டுவார்கள். அன்று ஐரோப்பாவில் இருந்த பரிசோதனை 20 நிமிடத்துக்கும் குறைவு. மொத்தத் தூரம் 11 கிலோமீட்டர். உருளை மேல் சக்கரம் சுழலும், ஸ்டியரிங் அசையாது. இன்றைய காரில் எஞ்சினை ஆள்வது ஒரு சிறு கணினி. ஸ்டியரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றை வைத்து, இது பரிசோதனையா சாலையா என்று அதனால் கணிக்க முடிந்தது. ஜெர்மனியின் போக்கும் பல்கலைக்கழகத்தையும் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பின்னர் அந்த நிரல்களைப் பிரித்துப் பார்த்து, இத்தனை நேரத்தில் இத்தனை தூரம் என்ற வளைகோடுகள் பரிசோதனை அட்டவணைகளோடு பொருந்தும்படி உள்ளே பதிக்கப்பட்டிருந்ததை 2017இல் வெளியிட்டார்கள். பரிசோதனை என்று தெரிந்தால் இ.ஜி.ஆர். முழுமூச்சாக இயங்கும், பொறிப் பெட்டி அடிக்கடி காலியாகும், யூரியா தாராளமாகத் தெளிக்கப்படும். சாலை என்று தெரிந்தால் அத்தனையும் சுருங்கிவிடும். தற்செயலான கோளாறு என்றோ, கவனக்குறைவு என்றோ இதைச் சொல்ல வழியே இல்லை.

குட்டு வெளிப்பட்டது மிக எளிய ஒரு காரியத்தால்: காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் என்ற அமைப்பு கேட்டுக்கொண்டபடி, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டான் கார்டர் தலைமையில் இயங்கிய ஒரு சிறு குழு மூன்று டீசல் கார்களைச் சோதித்தது. சுவிட்சர்லாந்தின் மார்க் பெஷ், இந்தியாவிலிருந்து மேற்படிப்புக்குச் சென்ற அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். புகைக் குழாயில் ஒரு குழலைப் பொருத்தி, அளவுக் கருவிகளைக் காரின் பின்பகுதியில் ஏற்றிக்கொண்டு, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ, சான் ஃபிரான்சிஸ்கோ சாலைகளில் ஓட்டினார்கள். பாசாட்டை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிச் சென்று திரும்பினார்கள். சுமார் 4,000 கிலோமீட்டர். ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடை வெளியிட்டது; பாசாட் 5 முதல் 20 மடங்கு. மூன்றாவது காரான பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆய்வு 2014இல் வெளியானது. கலிஃபோர்னியா காற்று வள வாரியம் விளக்கம் கேட்டது. நிறுவனம் ஓராண்டுக்கும் மேலாகச் சாக்குப்போக்குச் சொன்னது. 2014 டிசம்பரில் மென்பொருளைத் திருத்துவதாகச் சொல்லிச் சுமார் 5 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வாரியம் மறுபடி சோதித்தது, புகை குறையவில்லை. 2016 மாடல்களுக்குச் சான்றிதழ் தரமாட்டோம் என்று சொன்ன பிறகுதான், 2015 செப்டம்பர் 3 அன்று உண்மை வெளிவந்தது.

இனி, என் வாதத்துக்கு மிக முக்கியமான சாட்சியத்துக்கு வருகிறேன். அந்த உண்மை அறிக்கையில் பலர் கவனிக்காமல் கடந்துபோன ஒரு பகுதி இருக்கிறது. 2012 வாக்கில் அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் ஓட்டிக்கொண்டிருந்த சில கார்களில் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. நிறுவனத்தின் பொறியாளர்கள் காரணத்தைத் தேடினார்கள். கார்கள் சாலையில் ஓடும்போதும் பரிசோதனை நிலையிலேயே தங்கிவிடுகின்றன, அந்த நிலை நீண்ட நேரம் ஓடுவதற்காக உருவாக்கப்பட்டதல்ல, அதனால் புகை வெளியேற்றப் பாகங்கள் மேல் சுமை கூடிப் பழுதாகியிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். மோசடியைக் கைவிட அது நல்ல தருணம். அவர்கள் மோசடியைக் கூர்மையாக்கினார்கள். பரிசோதனையை இன்னும் துல்லியமாக அடையாளம் காண ஸ்டியரிங் கோணத்தைப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். கார் புறப்படும்போதே சாலை நிலையில் புறப்பட்டு, பரிசோதனை என்று உறுதியானால் மட்டும் மாறும்படி செய்தார்கள். ஏற்கெனவே விற்ற கார்களிலும் சர்வீஸின்போது இதை ஏற்றினார்கள். காரை மேம்படுத்துகிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொன்னார்கள். சட்டப்படி சுத்தமாக ஓடினால் காரின் பாகங்கள் தாங்காது என்று செய்தவர்களே நம்பினார்கள் என்பது இதிலிருந்து தெளிவு. அவர்கள் காட்டிய நம்பகத்தன்மை புகையை விற்று வாங்கியது. புகைப் புகாரையும் பழுதுப் புகாரையும் பிரிக்க முடியாது என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு: வாங்கியவர் என்ன இழந்தார்? கார் ஓடியது, மைலேஜ் கிடைத்தது, இழுவை கிடைத்தது. காற்று கெட்டது என்றால் அது ஊருக்கு நட்டம், ஓட்டியவருக்கு ஏது நட்டம்? மேலோட்டமாகப் பார்த்தால் இது சரிபோலத் தெரியும். ஆனால் விளம்பரங்களில் அந்த நிறுவனம் விற்றது ‘சுத்தமான டீசல்’. 2009 ஜெட்டா டீசலை வாங்கியவருக்கு அமெரிக்க அரசு 1,300 டாலர் வரிச்சலுகையே கொடுத்தது. அந்தக் கார் ஆண்டின் பசுமைக் கார் என்ற விருதையும் பெற்றது; 2015இல் விருது பறிபோயிற்று. சுத்தம், சிக்கனம், இழுவை, ஆயுள் நான்கும் சேர்ந்த காருக்கு அவர் கூடுதல் பணம் கொடுத்தார். அப்படிப்பட்ட கார் உலகில் இருக்கவே இல்லை. பின்னால் வந்த நட்டமும் கற்பனையல்ல. 2018 பிப்ரவரியில் லைப்சிக்கில் உள்ள ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், நகரங்கள் பழைய டீசல் கார்களுக்குத் தடை விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் ஹாம்பர்க் இரண்டு தெருக்களில் தடையைக் கொண்டுவந்தது. 2019இல் ஸ்டுட்கார்ட் பின்தொடர்ந்தது. கையில் கார் இருந்தும் சில தெருக்களுக்குள் போக முடியவில்லை, விற்கப்போனால் விலை கிடைக்கவில்லை. 2020 மே 25 அன்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம், வாங்கியவர் காரைத் திருப்பிக் கொடுத்து, ஓட்டிய தூரத்துக்கான தொகையைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைப் பெறலாம் என்றது. கார் நன்றாக ஓடியதே என்ற வாதத்தை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. விரும்பாத ஒப்பந்தத்துக்குள் ஒருவரை வஞ்சகத்தால் இழுத்துவிடுவதே சேதம் என்பது அதன் நிலைப்பாடு.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. மென்பொருளை மாற்றிய பிறகு கார் கெட்டுப்போயிற்று என்று சொல்பவர்களின் புகாரை எப்படி நம்புவது? இ.ஜி.ஆர். வால்வு எந்த நிறுவனத்தின் டீசல் காரிலும் அடைத்துக்கொள்ளும், நகரத்துக்குள் சிறு தூரம் மட்டும் ஓடும் காரில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்; வயதான காரில் தானாக வந்த பழுதைப் புதிய மென்பொருளின் தலையில் கட்டுகிறார்கள் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஒரு தனி மனிதரின் கார் மாற்றத்துக்கு மறுமாதம் நின்றுபோனது என்பது மட்டும் அறிவியல் ஆதாரம் ஆகாது. ஐரோப்பாவில் 85 லட்சம் கார்களைத் திருத்த வேண்டியிருந்தது. அத்தனை கார்களில் ஒவ்வொரு மாதமும் ஆயிரக்கணக்கான பழுதுகள் எப்படியும் வரும். ஆனால் அந்தத் திருத்தத்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1.6 லிட்டர் எஞ்சினுக்கு, உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாருக்கு முன்னால் காற்றோட்டத்தைச் சீராக்கும் ஒரு சிறு வலைக் குழாயும் புதிய மென்பொருளும். 2 லிட்டர் எஞ்சினுக்கு மென்பொருள் மட்டும். புதிய பொறிப் பெட்டி, பெரிய குளிர்விப்பான், யூரியாத் தொட்டி எதையும் சேர்க்கவில்லை. இருக்கும் பாகங்களை வைத்தே புகையைக் குறைக்க வேண்டுமென்றால் அந்தப் பாகங்கள் கூடுதலாக உழைத்தாக வேண்டும். போர்வையின் நீளம் மாறவில்லையே.

திருத்தத்தால் மைலேஜ், இழுவை, ஆயுள் எதுவும் பாதிக்கப்படாது என்றே நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் சொன்னது. அது உண்மையென்றால், உண்மையாக இருப்பதற்கான காரணம் பின்னால் ஆஸ்திரியாவிலிருந்து லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் வெளிப்பட்டது. திருத்திய மென்பொருளிலேயே ஒரு வெப்பநிலை வரம்பு இருந்தது. வெளியே 15 முதல் 33 பாகை செல்சியஸுக்குள் இருந்தால், அதுவும் 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே இ.ஜி.ஆர். முழு அளவில் இயங்கும். அதற்கு வெளியே படிப்படியாகக் குறைந்து நின்றுபோகும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 15 பாகைக்கு மிகக் கீழே. குளிர்ந்த காற்றில் கரியும் ஈரமும் சேர்ந்து பசைபோல் படிந்து வால்வை அடைத்துவிடும், எஞ்சினைக் காக்கவே இந்த வரம்பு என்று கார் நிறுவனங்கள் வாதிட்டன. வேதியியல்படி அந்த விளக்கம் சரியானதுதான். ஆனால் வாடிக்கையாளரின் புகாருக்கு அதுவே வாக்குமூலம் ஆகிவிடுகிறது. இ.ஜி.ஆரை ஆண்டு முழுவதும் சட்டப்படி இயக்கினால் பாகங்கள் அடைத்துக்கொள்ளும் என்று நிறுவனங்களே சொல்கின்றன. ஆக, திருத்திய கார் ஆயுளோடு இருந்தால் அது குளிர்காலம் முழுவதும் புகை கக்கித்தான் அந்த ஆயுளைக் காப்பாற்றுகிறது. புகை கக்காவிட்டால் வால்வு அடைக்கிறது. இரண்டில் எதுவானாலும் வாங்கியவருக்கு வாக்குறுதி தந்தது கிடைக்கவில்லை. 2020 டிசம்பர் 17 அன்று அந்த நீதிமன்றம், எஞ்சின் அழுக்கடைவதையும் தேய்வதையும் தடுப்பது ஏமாற்று ஏற்பாட்டுக்கு நியாயம் ஆகாது என்றது. 2022 ஜூலை 14 அன்று, ஆண்டின் பெரும்பகுதி செயல்படும் இத்தகைய வெப்பநிலை வரம்பும் சட்டவிரோதமே என்றது. ஓடும்போது திடீரென விபத்தை உண்டாக்கும் சேதத்தைத் தடுப்பதற்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு.

அமெரிக்காவில் நடந்ததை இதோடு வைத்துப் பார்த்தால், புகார்களின் தரத்தைச் சோதிக்க இயற்கையாகவே அமைந்த ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. 2016 ஜூனில் அறிவித்த 1,470 கோடி டாலர் சமரசத்தின்படி, 2 லிட்டர் கார்களின் உரிமையாளர்கள் மோசடி வெளிப்படுவதற்கு முந்தைய விலைக்குக் காரைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது திருத்தம் செய்துகொண்டு வைத்திருக்கலாம். எப்படியும் 5,100 முதல் 10,000 டாலர் வரை இழப்பீடு உண்டு. திருத்தம் செய்தவர்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு நீட்டித்த வாரண்டியை நீதிமன்றத்தின் மேற்பார்வையில் எழுதிக் கொடுத்தார்கள். திருத்தம் செய்தாலும் இந்தக் கார்கள் முதலில் சான்றிதழ் பெற்ற வரம்பை முழுதாக எட்டாது என்பதை அரசு மறைக்கவில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட 270 கோடி டாலர் தனி நிதி வைக்கப்பட்டது. பெரும்பாலானோர் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2018 தொடக்கத்தில் ஏறக்குறைய 3 லட்சம் கார்கள் பாலைவனத் திடல்களிலும் கைவிடப்பட்ட விளையாட்டரங்க வளாகத்திலும் வரிசை வரிசையாக நின்றன. ஐரோப்பியருக்கு ஆரம்பத்தில் கிடைத்தது மென்பொருள் மாற்றம் மட்டும். ஜெர்மனியின் நுகர்வோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் 2020இல்தான் 83 கோடி யூரோவுக்குச் சமரசம் ஏற்பட்டது. ஆளுக்கு 1,350 முதல் 6,257 யூரோ வரை. பிரிட்டனில் 91,000 பேருக்கு 19.3 கோடி பவுண்டு கிடைக்க 2022 ஆயிற்று. கோபம் நீடித்த இடம் எது என்று பார்த்தால், உண்மையைச் சொல்லாமல், பழுதுக்குப் பொறுப்பும் ஏற்காமல் வெறும் திருத்தத்தைக் கையில் கொடுத்த இடம்தான். அறியாமையால் வந்த கோபம் என்று அதை ஒதுக்க முடியாது. நிரல் முழுவதும் நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கும்போது, தன் கார் ஏன் நின்றது என்று நிரூபிக்கும் சுமையை ஓட்டுபவர் மேல் போடுவதுதான் அநியாயம்.

எல்லோரும்தானே செய்தார்கள் என்பது அடுத்த மறுப்பு. பிரிட்டன் போக்குவரத்துத் துறை 2016இல் 37 டீசல் கார்களைச் சாலையில் சோதித்தபோது, யூரோ 6 கார்கள் சராசரியாக கிலோமீட்டருக்குச் சுமார் 500 மில்லிகிராம் வெளியிட்டன, வரம்பு 80. பரிசோதனையை அடையாளம் காணும் நிரல் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் கார்களைத் தவிர வேறு எதிலும் அப்போது அகப்படவில்லை. மற்றவை விதிகளின் ஓட்டைகளுக்குள் புகுந்து வெளிவந்தவை. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் பி.எம்.டபிள்யூவுக்கும் ஃபோக்ஸ்வேகனுக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. மூன்றாவது கூட்டாளியான டைம்லர், ரகசியத்தை வெளியிட்டதால் தப்பியது. யூரியாத் தொட்டியின் அளவிலும், சட்டம் கேட்பதைவிடச் சுத்தமாகப் புகையை வடிகட்டுவதிலும் ஒருவரோடொருவர் போட்டியிடுவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டதுதான் குற்றம். எல்லோரும் செய்தார்கள் என்பது உண்மையானால், அது வாடிக்கையாளரின் கோபத்தைக் குறைக்கும் காரணம் அல்ல. அவருக்கு மாற்றுக் கடையே இல்லாமல் செய்துவிட்டார்கள் என்பதற்கான ஆதாரம். வரம்பு நடக்காத கடுமை கொண்டது என்ற வாதமும் நிற்காது. அதே அமெரிக்கச் சாலையில், மேற்கு வர்ஜீனியா குழுவின் அதே ஆய்வில், பெரியதும் விலையுயர்ந்ததுமான ஒரு டீசல் கார் பெரும்பாலும் வரம்புக்குள் ஓடிக் காட்டியது. முடியாத காரியமல்ல, செலவுள்ள காரியம்.

அந்தச் செலவை யாராவது ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஏற்றவர்கள் காரே வாங்காதவர்கள். ஜெர்மனியில் விற்ற சுமார் 26 லட்சம் ஃபோக்ஸ்வேகன் குழும டீசல் கார்களின் மிகைப் புகையால் ஐரோப்பாவில் ஏறக்குறைய 1,200 பேர் அகால மரணம் அடைவார்கள் என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2017இல் கணக்கிட்டார்கள். எல்லா நிறுவனங்களின் டீசல் வாகனங்களும் சட்ட வரம்பைத் தாண்டி வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடால் 2015இல் மட்டும் உலகில் சுமார் 38,000 அகால மரணங்கள் என்று அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இவை மாதிரிக் கணக்கீடுகள். இறந்தவர் இன்னார் என்று சுட்டிக்காட்ட முடியாது. அதனால் அந்த மரணங்கள் பொய்யாகிவிடாது. நிறுவனம் இதுவரை அபராதமும் இழப்பீடும் திருத்தச் செலவுமாக 3,000 கோடி யூரோவுக்கும் மேல் இழந்திருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு அலுவலர்கள் சிறை சென்றார்கள். 2025 மே மாதம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் நான்கு முன்னாள் மேலாளர்களைக் குற்றவாளிகள் என்றது.

விதிகள் மாறின. ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் முதல் புதிய கார் மாடல்களைச் சாலையிலும் ஓட்டிச் சோதிக்கிறார்கள். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் அதே முறை வந்திருக்கிறது. ஆனால் பழைய கணக்கு இங்கே முடியவில்லை. 2015 டிசம்பரில் இந்தியாவில் அதே எஞ்சின் கொண்ட சுமார் 3,23,700 கார்களை மென்பொருள் மாற்றத்துக்காக நிறுவனம் திரும்ப அழைத்தது. இந்திய விதிகளை மீறவில்லை என்பது அதன் நிலைப்பாடு. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இரண்டு மாதங்களில் உச்ச நீதிமன்றம் கட்டாய வசூல் நடவடிக்கைகளுக்குத் தடை போட்டது. அமெரிக்காவில் நடந்ததுபோல் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் எதுவும் இங்கே அறிவிக்கப்படவில்லை. டீசல் கார் வைத்திருப்பவர்கள், எந்த நிறுவனத்தின் கார் ஆனாலும், சர்வீஸில் ‘மென்பொருளைப் புதுப்பித்துவிட்டோம்’ என்று சொன்னால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: இந்த மாற்றம் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எதையாவது கூடுதலாக உழைக்க வைக்கிறதா? மைலேஜ் எவ்வளவு மாறும்? இ.ஜி.ஆர். வால்வுக்கும் கரித்துகள் வடிகட்டிக்கும் இன்றிலிருந்து எத்தனை ஆண்டு வாரண்டி? பதில் தர மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.